சௌனாவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது

அத்தியாயம் ஐந்து

கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தான் சான்ட்ரோ. அடுத்த நொடி இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது. காற்றுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது.

தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. மறுபடி இடித்தான். தோள்தான் அசைந்தது.

"விடு," என்றாள் ஐலா லெஹ்தோ. "தேவதாரு. ரெண்டு அங்குலம்."

சௌனாவுக்குள், அந்த ஃபின்லாந்து நீராவிக் குளியலறைக்குள், யாரும் இல்லை. சுவரோடு இரண்டு படியாக மரப்பலகை. மூலையில் இரும்பு அடுப்பு, அதன் மேல் கருங்கற்கள். ஒரு மர வாளி, ஒரு அகப்பை. ஏரியைப் பார்த்து வட்டமாக ஒரு ஜன்னல். கப்பலில் இருந்து கழற்றிக் கொண்டுவந்தது, கண்ணாடி இரண்டு விரல் கனம், சுற்றிலும் திருகாணி. அடுப்பில் விறகு நிறைய இருந்தது. நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. வெப்பமானி அறுபத்தெட்டைத் தொட்டிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

"காலைல விறைச்சு சாவேன்னு நெனச்சேன் பாஸ். இப்ப வெந்து சாகப் போறேன். ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இது அதிகம்."

ஐலா கையுறையைக் கழற்றிக் கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஃபின்லாந்து வம்சம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த வீடுகளையும் எரித்த வீடுகளையும் பிரித்துப் பார்த்தவள். பிறகு கனடாவின் தண்டர் பே நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். சான்ட்ரோ பெலாட்டோ அவளிடம் ஆறு வருஷமாக இருக்கிறான். கார் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், அவள் பேசாத நேரத்துக்கும் சேர்த்துப் பேசுவான். அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: துப்பறிவாளர் உரிமம்.

உரிமத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தான். மூன்றாவது நாளைக் காலை ஒன்பது மணிக்கு. வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் எந்தக் கணினி என்று பத்து நாள் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணினி மட்டும்தான். இந்த முறையும் போனால் இரண்டு வருஷம் உட்கார முடியாது. உரிமம் இல்லாத ஆளை இந்த மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று ஐலா சொல்லிவிட்டாள். சட்டம் அப்படி. சட்டம் பேசும்போது அவள் சிரிப்பதில்லை.

பன்னிரண்டு நாள் முன்பு இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்து சான்ட்ரோ ஒரு லேப்டாப் வாங்கினான். விற்றவர் பெயர் ரெய்னோ, ஃபின்லாந்துப் பெயர். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, அதிகம் தொடாத மெஷின் என்று எழுதியிருந்தார். ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த இந்த ஊரில், வயசான ஃபின்லாந்துக்காரர் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஐஸ் ஹாக்கி மைதானத்தின் வாசலில், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஜன்னல் வழியாகக் கைமாறியது. கொடுத்தவர் முகத்தில் சால்வையும் பனிக் கண்ணாடியும். சான்ட்ரோவும் அப்படித்தான் இருந்தான். பிப்ரவரியில் இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்க்கக் கேட்பதும் மரியாதை இல்லை.

அன்று மாலையே தேர்வுக்குப் பதிவு செய்தான். பத்து நாள் மெஷின் தங்கமாக ஓடியது. வெள்ளிக்கிழமை திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளையாக இரண்டு வரி. இந்தக் கணினி தொலைந்துபோனதாக உரிமையாளர் பூட்டியிருக்கிறார். ஆறு இலக்க எண்ணை இடவும்.

எண் வேண்டுமென்றால் இன்னொரு இருநூறு டாலர் அனுப்பு என்று ரெய்னோவிடமிருந்து செய்தி வந்தது. சான்ட்ரோ அனுப்பினான். எண் வரவில்லை. விளம்பரமும் காணாமல் போனது.

நேற்றுதான் ஐலாவிடம் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் விளம்பரப் படத்தைக் கேட்டாள். சேமித்து வைத்திருந்ததைக் காட்டினான். மரப்பலகை மேல் லேப்டாப், திறந்தபடி, அணைந்த திரையோடு. சான்ட்ரோ அதுவரை லேப்டாப்பைத்தான் பார்த்திருந்தான். ஐலா அணைந்த திரையைப் பார்த்தாள். அதில் வட்டமாக ஒரு வெளிச்சம் பிரதிபலித்தது.

"இது சௌனா. அது கப்பல் ஜன்னல்," என்றாள். "எனக்கு மூணு ரெய்னோ தெரியும். ஒருத்தர் கல்லறைல. ஒருத்தர் முதியோர் இல்லத்துல. மூணாவது ஆள் ஏரிக் கப்பல்ல வேலை பார்த்தவர். ரெய்னோ ஹவுட்டாலா. ரெண்டு வருஷமா யார் கண்ணுலயும் படல."

இன்று மதியம் ஆந்தை முனைச் சாலையின் கடைசிக்கு வந்தார்கள். கம்பத்தில் ஹவுட்டாலா என்ற பலகை ஆடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஆள் பனி ஊதும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான். மூக்கு வரை சால்வை. நல்ல மனுஷனாகத்தான் பேசினான். ரெய்னோவோட காட்டேஜ் கடைசில இருக்கு, சௌனால இருப்பார், புகை வருது பாருங்க, தட்ட வேண்டாம், காது மந்தம், நேரா உள்ள போயிடுங்க.

கம்பத்திலிருந்து வீடு வரை ஒரு கார் அகலத்துக்குத்தான் பாதை. இரண்டு பக்கமும் பனிச் சுவர், காரை விட உயரம். வீட்டு வாசலில் ஒரு சரக்கு வண்டி நின்றது. ஐலா பாதையின் நடுவிலேயே காரை நிறுத்தினாள். நேராகக்கூட இல்லை. மூக்கு ஒரு சுவரில், வால் இன்னொரு சுவரில்.

"பாஸ், இதை பார்க்கிங்னு சொன்னா உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் அழுவான்."

அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். பிறகு இந்தக் கதவு.

எழுபத்துநாலு.

சான்ட்ரோ போனை எடுத்தான். ஒரு கோடுகூட இல்லை. பலகைக்குப் பின்னால் சுற்றிலும் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும், சூடு வெளியே போகாது, சிக்னல் உள்ளே வராது என்றாள் ஐலா. அப்படியானால் நாம இப்ப ஓவன்ல இருக்கற கோழி என்றான் அவன். கோழி பேசாது என்றாள்.

தொடையில் ஏதோ ஒழுகியது. பயந்து கையை விட்டான். காலையில் வாங்கிப் பாதி தின்ற பெர்ஷியன் பன். மேலே தடவியிருந்த ரோஸ் நிறச் சர்க்கரை உருகி, பாக்கெட்டைத் தாண்டிக் கால்சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

முதுகுப் பையைக் கழற்றினான். லேப்டாப்பின் உலோக மூடி கையைச் சுட்டது.

"பாஸ், நாம தாங்குவோம். இது தாங்காது."

இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை. ஐலா திரும்பினாள். முதலில் அடுப்பின் காற்று வாயை அகப்பைக் காம்பால் தள்ளி மூடினாள். நெருப்பு தணியும், உடனே தணியாது. பிறகு தன் குளிரங்கியைக் கழற்றித் தரையில் விரித்தாள். கதவின் அடியில் கத்திபோல் ஒரு கோடு குளிர் நுழைந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி விரித்தாள்.

"சூட்டுல போய் குளிரங்கிலயா சுத்தறீங்க?"

"குளிருக்கும் சூட்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ள போகறத தடுக்கும். அவ்வளவுதான்."

குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றினார்கள். சான்ட்ரோ பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டான். கன்னத்தில் குளிர்க் கோடு பட்டது. வாழ்நாளில் முதல் தடவை மைனஸ் முப்பத்தொன்று இனித்தது.

வெளியே பனியை மிதிக்கும் சத்தம் போனது, வந்தது. ஏதோ கனமான பெட்டி தகரத்தில் விழுந்தது. இன்னொன்று. யாரோ வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள்.

எழுபத்தொன்பது.

ஐலா கதவு இடுக்கில் கண்ணை வைத்திருந்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"திருகாணி புதுசு," என்றாள். "தலை மின்னுது. இந்தத் தாழ்ப்பாள ரெய்னோ போடல."

"எப்படித் தெரியும்?"

"சௌனாவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எங்க வீட்ல கிடையாது, எந்த ஃபின் வீட்லயும் கிடையாது. கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். உள்ள மயக்கம் போட்டு விழறவன், விழற வேகத்துலயே கதவத் திறந்துக்கிட்டு வெளிய விழணும். அஞ்சு வயசுக் குழந்தைக்குத் தெரியும்." நெற்றியைத் துடைத்தாள். "கதவு காத்துல அடிச்சுக்குதேன்னு தாழ்ப்பாள் போடறவன் எங்க ஆள் இல்ல. ரெய்னோ இங்க இல்ல, சான்ட்ரோ. கேம்ப்ப வித்துட்டாங்க. வாங்கினவன் பலகையக் கழட்டல. அந்தப் பேர் உபயோகமா இருந்திருக்கு."

இது அவளுடைய இந்த வருஷத்திலேயே நீளமான பேச்சு. சான்ட்ரோ அதைக் கிண்டல் செய்ய வாய் திறந்தான். மூடிக்கொண்டான். ஒரு சொல் அவன் காதில் மாட்டியிருந்தது.

கேம்ப்.

போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் பழைய செய்திகள் இருந்தன. தரையில் படுத்தபடியே தள்ளிப் பார்த்தான். நாலாவது செய்தி. மெஷின் புதுசு மாதிரி இருக்கும், காட்டேஜ்ல மட்டும்தான் வெச்சிருந்தேன்.

ஏரிக்கரை வீட்டுக்கு இந்த ஊரில் கேம்ப் என்றுதான் பெயர். தகரக் கொட்டகையும் கேம்ப். மூன்று மாடி கட்டி நீச்சல்குளம் வெட்டினாலும் கேம்ப். இங்கே பிறந்தவன் தூக்கத்தில் உளறினாலும் காட்டேஜ் என்று உளற மாட்டான். அது தெற்கே, டொரான்டோ பக்கத்துப் பேச்சு. ஏரிக் கப்பலில் நாற்பது வருஷம் ஓடிய ரெய்னோ ஹவுட்டாலா அந்தச் சொல்லை எழுதியிருக்க முடியாது.

"பாஸ். அந்த பனி மெஷின்காரன் என்ன சொன்னான்? ரெய்னோவோட என்ன கடைசில இருக்குன்னான்?"

ஐலா யோசித்தாள். பிறகு இடுக்கிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"காட்டேஜ்."

"இதுலயும் அதான் இருக்கு."

"இத நீ எப்பப் படிச்ச?"

"பன்னெண்டு நாளா படிக்கறேன்."

அவள் மறுபடி இடுக்கில் கண்ணை வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உரிமம் கேட்கிறவன், திருடனிடம் வழி கேட்டு, அவன் சொன்ன இடத்துக்குத் தானே நடந்து வந்து, தானே உள்ளே நுழைந்து, கூட முதலாளியையும் கூட்டி வந்திருக்கிறான். கதவைச் சாத்துகிற வேலையை மட்டும் திருடனுக்கு விட்டிருக்கிறான்.

வெளியே சரக்கு வண்டி உறுமியது. கிளம்பிவிட்டான். வண்டியோடு அந்த ஆறு இலக்கமும் போகிறது. எண்பத்து மூன்று. சான்ட்ரோ எழுந்து கதவை உதைத்தான். எட்டு தடவை உதைத்தான். ஒன்பதாவதுக்குக் காலைத் தூக்கியபோது ஐலா அவன் தோளில் கை வைத்தாள்.

"சும்மா இரு. கேளு."

இன்ஜின் சத்தம் கொஞ்ச தூரம் போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. ஹாரன் அடித்தான், யாருக்கோ. பிறகு இன்ஜின் அடங்கியது. அமைதி. ஏரி மட்டும் கரையில் ஐஸ் துண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தது.

ஐலாவின் உதட்டோரம் லேசாக நகர்ந்தது. ஆறு வருஷத்தில் சான்ட்ரோ அதை நாலு முறைதான் பார்த்திருக்கிறான்.

"என் பார்க்கிங்கப் பத்தி என்னமோ சொன்னியே," என்றாள்.

அவன் நினைத்துப் பார்த்தான். ஒரு கார் அகலப் பாதை. மூக்கு ஒரு சுவரில், வால் ஒரு சுவரில். ஏரிப் பக்கம் போக வழியில்லை. அது இந்த வருஷம் உறையவே இல்லை. கல்லாக இறுகிய அந்தச் சுவரைக் கையால் தள்ளுகிற மெஷின் வைத்துக் குடைந்தால் விடிந்துவிடும். சாவி ஐலாவின் பையில். பை ஐலாவோடு. ஐலா உள்ளே.

"வேணும்னே நிறுத்தினீங்களா?"

"தெரியாத இடத்துக்கு ஒரே வழி இருந்தா, அத நான்தான் வெச்சுக்குவேன்."

பனி மிதிபட்டது. காலடி கதவு வரை வந்து நின்றது. பிறகு, தானே தாழ்ப்பாள் போட்ட கதவை அவன் தட்டினான்.

சான்ட்ரோவுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே இருக்கிறவன் தட்டுகிறான், உள்ளே இருக்கிறவர்கள் திறக்க வேண்டுமாம்.

"கார் சாவி வேணும்," என்றது குரல். அதே குரல். வழி சொன்னபோது இருந்த இனிப்பு மட்டும் இல்லை. "குடுத்தா திறக்கறேன்."

"முதல்ல எண்," என்றாள் ஐலா.

"என்ன எண்?"

"எங்களுக்கு இங்க சௌகரியமாத்தான் இருக்கு. நான் ஃபின். தொண்ணூறு வரைக்கும் தாங்குவேன். உங்களுக்கு வெளிய எப்படி?"

காலை மாற்றி மாற்றி மிதிக்கும் சத்தம் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தாலும் எரிபொருள் எவ்வளவு நேரம் என்று அவன் கணக்குப் போடுவது கதவு வழியாகவே கேட்டது. ஐலா பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை குளியலுக்கு வந்தவள் போலவே இருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பதைச் சான்ட்ரோ மட்டும் பார்த்தான். அவளும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இரண்டு நிமிஷம் போனது. மூன்று.

"ஒம்போது, பூஜ்யம், அஞ்சு," என்றது குரல். "அதையே மறுபடி."

சான்ட்ரோ குளிரங்கியைப் பிரித்தான். விரல் வழுக்கியது, வியர்வை பாதி, பெர்ஷியன் பாதி. 905905. டொரான்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில் போன் நம்பரே அப்படித்தான் தொடங்கும். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி வந்து, செத்தவரோ போனவரோ ஒரு கிழவரின் பெயருக்குள் புகுந்துகொண்ட ஆள், சொந்த ஊரை மட்டும் விடவில்லை.

திரை வெளுத்தது. மேலே சிவப்பில் சூடு எச்சரிக்கை. கீழே அவன் வெள்ளிக்கிழமை திறந்தபடி விட்டிருந்த பக்கம்: மூன்றாம் பாடம். பிடித்து வைக்கும் அதிகாரம்.

"திறந்துடுச்சு, பாஸ்," என்றான்.

"இப்ப உங்க போன்லேருந்தும் மெஷினை விடுவிச்சிடுங்க," என்றாள் ஐலா கதவிடம். "திரும்பப் பூட்டற மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் தாழ்ப்பாள். நான் வந்து காரை எடுக்கறேன்."

தாழ்ப்பாள் தூக்கப்பட்டது. கதவு வெளிப்பக்கம் திறந்தது. குளிர் இரண்டு பேரையும் அறைந்தது. அவ்வளவு நல்ல அறையைச் சான்ட்ரோ வாங்கியதே இல்லை.

அந்த ஆள் சால்வையை இறக்கியிருந்தான். ஐம்பது வயதிருக்கும். மூக்கு நுனி வெளுத்துப்போயிருந்தது. க்ளென் என்று பெயர் சொன்னான், யாரும் கேட்காமலே. கையில் போனைத் திருப்பிக் காட்டினான். பட்டியலிலிருந்து ஒரு மெஷின் மறைந்தது. அதற்குக் கீழே இன்னும் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு கறுப்புத் திரை, அதன் முன்னால் ஒரு ஆள்.

ஐலா நாலடி நடந்ததும் போனைக் காதில் வைத்தாள். மாகாணப் போலீஸிடம் சுருக்கமாகப் பேசினாள்: ஆந்தை முனை, ஆளை அடைத்து வைத்தது, பதினொரு லேப்டாப். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்களாம்.

"காரை எடுக்கறேன்னு சொன்னியே," என்றான் க்ளென்.

"எடுப்பேன். எப்பன்னு சொல்லலியே."

அவன் பாதையைப் பார்த்தான். பனிச் சுவரைப் பார்த்தான். நெடுஞ்சாலை பதினோரு கிலோமீட்டர். சான்ட்ரோவையும் பார்த்தான், சான்ட்ரோ நூற்றுப் பத்துக் கிலோ. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

காருக்குள் ஐலா ஹீட்டரைக் கீழ்நிலையில் வைத்தாள். லேப்டாப் சான்ட்ரோவின் மடியில், இன்னும் அவள் குளிரங்கிக்குள்ளேயே இருந்தது. அவன் கால்சட்டை ரோஸ் நிறத்தில் உறைந்து மொடமொடத்தது. சிவப்பு எச்சரிக்கை அணைந்துவிட்டது. தேர்வுப் பக்கம் மெஷினை அடையாளம் கண்டுகொண்டது. இன்னும் பதினெட்டு மணி நேரம்.

"மூணாம் பாடம்," என்றாள் ஐலா, முன்னால் பார்த்தபடியே. "உரிமம் உள்ள துப்பறிவாளருக்கு, ஒரு ஆளைப் பிடிச்சு வைக்கறதுக்குத் தனியா என்ன அதிகாரம்?"

இரண்டு முறையும் அவனைக் கவிழ்த்த கேள்வி. இரண்டு முறையும் நீளமாகப் பதில் எழுதியிருந்தான்.

"ஒண்ணும் கிடையாது. தெருவுல போறவனுக்கு என்ன உண்டோ அதான்."

"அப்ப இந்த ஆள நாம பிடிச்சு வெச்சிருக்கமா?"

சான்ட்ரோ முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். முன்னால் சரக்கு வண்டி, அதற்குள் சால்வையைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்த க்ளென். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். குறுக்கே இவர்கள்.

"இல்ல, பாஸ்," என்றான். "மோசமா பார்க் பண்ணியிருக்கோம்."

"சரி," என்றாள் ஐலா. "அடுத்த கேள்வி."